பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா: நம்மவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போனதும் வீட்டுக்கு அழைப்பிதழ்கள் வரத் தொடங்கும். கூடப் படிக்கும் யூதப் பிள்ளைக்கு பார் மிட்ஸ்வா, அல்லது பாட் மிட்ஸ்வா. நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் நடுவே இதைப் பற்றி வருடா வருடம் அதே சந்தேகங்கள் கிளம்புகின்றன. யூத நண்பர்களோடு பழகியும், அவர்கள் வீட்டு விழாக்களில் உட்கார்ந்தும், படித்தும் தெரிந்துகொண்டதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

பார் மிட்ஸ்வான்னா என்ன? பர்த்டே பார்ட்டியா, பூஜையா?

யூத மதச் சட்டப்படி ஆண் பிள்ளைக்கு 13 வயது நிறைந்ததும் மதக் கட்டளைகளுக்கு அவனே பொறுப்பாளி ஆகிறான். அந்த நிலைக்கு வந்தவன் பார் மிட்ஸ்வா. பெண் பிள்ளை என்றால் பாட் மிட்ஸ்வா. நாளடைவில் அதையொட்டி நடக்கும் விழாவுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

தோராவில், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களில், 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபு கணக்கு வைத்திருக்கிறது. ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பது, ஏழைக்குக் கொடுப்பது, பொய்ச் சாட்சி சொல்லாமல் இருப்பது எல்லாம் அதில் அடக்கம். சின்ன வயதில் பிள்ளை இவற்றைப் பழகிக்கொள்கிறான், அவ்வளவுதான். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் சாயங்காலம் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு இருக்க வேண்டும் என்பது சிறுவனுக்குக் கட்டாயமில்லை. 13 ஆனபின் கட்டாயம். பழைய யூத நூலான மிஷ்னாவில் வயது வரிசை ஒன்று உண்டு: ஐந்தில் வேதம் படிக்கத் தொடங்கு, பத்தில் மிஷ்னா, பதின்மூன்றில் கட்டளைகள், பதினெட்டில் திருமணம் என்று போகும். 13 என்ற வயதுக்கு அதைத்தான் ஆதாரமாகச் சொல்வார்கள்.

விழா நடத்த வசதி இல்லைன்னா அந்தப் பையன் பார் மிட்ஸ்வா ஆக மாட்டானா?

ஆவான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பார் மிட்ஸ்வா என்ற நிலையை ரபி என்ற மதகுருவோ, ஜெப ஆலயமோ, பெற்றோரோ கொடுப்பதில்லை. அந்தத் தேதி வந்ததும் தானாக வருகிறது. அன்றைக்கு அவன் காய்ச்சலில் படுத்திருந்தாலும் வந்துவிடும்.

அப்படியானால் விழா எதற்கு? யூதர்கள் கூட்டாகச் செய்யும் முக்கியமான பிரார்த்தனைகளுக்குக் குறைந்தது பத்துப் பெரியவர்கள் வேண்டும். இறந்தவர்களுக்காகச் சொல்லும் காதிஷ் என்ற பிரார்த்தனையும் அதில் ஒன்று. ஒன்பது பேர் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். 12 வயதுப் பையன் பக்கத்திலேயே நின்றாலும் கணக்கில் வர மாட்டான். 13 ஆனதும் அவன் பத்தாவது ஆள் ஆகலாம். அப்பாவை இழந்த ஒருவர் காதிஷ் சொல்ல முடிவதும் முடியாமல் போவதும் அந்தப் பையன் காலையில் எழுந்து வருவதைப் பொறுத்தது. விழாவில் அவனை முன்னால் கூப்பிட்டுச் சபை தன் வேலையில் ஒரு பங்கை அவன் கையில் கொடுக்கிறது. பரிசு, பாராட்டு எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. எனக்கு இந்த விழாவில் மிகவும் பிடித்தது இதுதான்: ஒரு சமூகம் தன் பிள்ளையிடம் “நீ இல்லாமல் எங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது” என்று சொல்கிறது.

இன்னொன்று, விழா அவ்வளவு பழசும் இல்லை. 13 வயதுக் கணக்கு மிகப் பழையது. ஆனால் அதை விழாவாகக் கொண்டாடுவது இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மானியப் பகுதி யூதர்களிடையே உருவாகி, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் விருந்தோடு வழக்கமானது.

ஜெப ஆலயத்துக்குள்ள என்னதான் நடக்கும்?

பெரும்பாலும் சனிக்கிழமை காலை ஆராதனையில் நடக்கும். இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் பேழையைத் திறந்து தோராச் சுருளை வெளியே எடுப்பார்கள். தோலில் கையால் எழுதிய சுருள் அது, மூன்று லட்சத்துக்கும் மேல் எழுத்துகள். அதைச் சபை நடுவே சுமந்து வரும்போது மக்கள் பிரார்த்தனைப் புத்தகத்தாலோ சால்வை நுனியாலோ அதைத் தொட்டு முத்தமிடுவார்கள். பிறகு மேடையில் விரித்து வாசிப்பு தொடங்கும்.

தோரா முழுவதையும் 54 பகுதிகளாகப் பிரித்து வருடம் முழுக்க வாரா வாரம் வாசித்து முடிக்கிறார்கள். விழாப் பிள்ளையின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். வாசிப்புக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டிய ஆசிச் சொற்களைச் சொல்லி, அந்த வாரப் பகுதியில் ஒரு பங்கை வாசித்து, பின்பு தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து ஹஃப்தாரா என்ற பகுதியையும் ராகத்தோடு வாசிப்பான். எவ்வளவு வாசிப்பது என்பது சபைக்குச் சபை, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதன்பின் வாசித்த பகுதியைப் பற்றித் தானே எழுதிய சிறு உரை. சில சபைகளில் எல்லாம் முடிந்ததும் பிள்ளை மேல் மிட்டாய் வீசுவார்கள். உங்கள் கையிலும் கொடுப்பார்கள், தயங்காமல் வீசலாம்.

பிள்ளைங்க அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாங்களா? தப்பு விட்டா என்ன ஆகும்?

முழுக்க மனப்பாடம் என்று சொல்ல முடியாது, ஆனால் மனதில் பதியாமல் வாசிக்கவும் முடியாது. சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கும். உயிர்க்குறிகள் கிடையாது, நிறுத்தக் குறிகள் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது. அச்சுப் புத்தகத்தில் அவை எல்லாம் இருக்கும். பிள்ளை புத்தகத்தைப் பார்த்துப் பல மாதங்கள் பழகிவிட்டு, அன்றைக்குக் குறிகள் எதுவும் இல்லாத சுருளைப் பார்த்துச் சரியான உச்சரிப்போடும் ராகத்தோடும் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எப்படி இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. சுருளைக் கையால் தொடக்கூடாது. நுனியில் சின்னக் கை வடிவம் உள்ள யாத் என்ற கோலால் வரியைச் சுட்டிக்கொண்டே போவார்கள்.

தப்பு விட்டால் பக்கத்தில் புத்தகத்தோடு நிற்பவர் மெதுவாகத் திருத்திச் சொல்வார். பொருள் மாறும்படியான தப்பு என்றால் திரும்ப வாசிக்க வேண்டும். 40 வருடமாக வாசிப்பவரையும் இப்படித்தான் திருத்துவார்கள். அதனால் அந்தத் திருத்தத்தில் அவமானம் எதுவும் இல்லை. குரல் உடைகிற வயதில் ஒரு பையன் எல்லோர் முன்னும் பாட வேண்டியிருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். போகிற நம் பிள்ளைகளிடம் சிரிக்காமல் இருக்கச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

அந்த உரையில என்ன பேசுவாங்க? யாராவது எழுதிக் கொடுத்துடுவாங்களா?

ரபியும் பெற்றோரும் உதவுவார்கள். ஆனால் நல்ல ரபி எழுதிக் கொடுக்க மாட்டார், கேள்வி கேட்பார். பிள்ளைக்கு எந்தப் பகுதி வரும் என்பது விழா நடக்கும் வாரத்தைப் பொறுத்தது. சிலருக்கு நோவாவின் வெள்ளம் வரும், சிலருக்குச் செங்கடல் பிளப்பது. வசந்த காலத்தில் விழா வரும் பிள்ளைகள் சிலருக்கு லேவியராகமத்தில் தோல் நோய்களையும் வீட்டுச் சுவரில் பிடிக்கும் பூசணத்தையும் பற்றிய சட்டங்கள் வந்து மாட்டும். பிள்ளைகள் அஞ்சும் பகுதி அது.

ஆனால் நான் கேட்ட உரைகளில் மனதில் நின்றவை இப்படிப்பட்ட பகுதிகளில் வந்தவைதான். நோயாளியை ஊருக்கு வெளியே இருக்கச் சொல்வது நியாயமா, அவனைத் திரும்ப உள்ளே அழைத்துவரச் சடங்கு வைத்திருப்பது ஏன் என்று ஒரு 13 வயதுப் பிள்ளை ஒலிபெருக்கி முன் நின்று கேட்கும். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிப்போன கதை வந்தால், ஆபிரகாம் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. சபை அதைக் கோபமில்லாமல் கேட்கும். வேதத்தோடு வாதாடுவது அவர்களுக்கு வேதம் படிப்பதன் ஒரு பகுதி. பிள்ளையை அந்த வாதத்துக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதே அந்த உரையின் அர்த்தம்.

நம்ம பூணூல் கல்யாணம், மஞ்சள் நீராட்டு மாதிரின்னு எடுத்துக்கலாமா?

பூணூலோடு ஒப்பிடுவது ஓரளவு பொருந்தும். வேதப் படிப்பு, தினசரிக் கடமை என்பதெல்லாம் இரண்டிலும் உண்டு. 13 வயதிலிருந்து பையன் வாரநாள் காலைகளில் தெஃபிலின் அணியத் தொடங்குவான். தோரா வரிகள் எழுதிய தோல் துண்டுகளை உள்ளே வைத்த இரண்டு கறுப்புப் பெட்டிகள் அவை. ஒன்றைக் கையிலும் மற்றதைத் தலையிலும் வாரால் கட்டிக்கொள்வார்கள். ஆனால் உபநயனம் செய்தால்தான் தகுதி வரும். இங்கே, முன்பே சொன்னதுபோல, சடங்கு இல்லாமலே தகுதி வந்துவிடும். சாதி வரையறையும் இதில் கிடையாது. எந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இது பொதுதான்.

மஞ்சள் நீராட்டோடு ஒப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. பழைய யூதச் சட்ட நூல்கள் வயதோடு உடல் முதிர்ச்சியின் அடையாளத்தையும் சேர்த்துப் பேசுகின்றன என்பது உண்மை. இன்றைய விழாவில் அதற்கு இடமே இல்லை. பெண்ணின் உடலைப் பற்றி யாருக்கும் எந்த அறிவிப்பும் கிடையாது, கல்யாணத்துக்குத் தயார் என்ற சாடையும் கிடையாது. என்ன படித்தாய், என்ன நினைக்கிறாய் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

13 வயசுல எப்படிங்க பெரியவன் ஆக முடியும்? ஷூ லேஸ் கட்ட மாட்டேங்கிறான்!

மதக் கடமைகளில் மட்டும்தான் பெரியவன். கல்யாணம், சொத்து, ஓட்டு எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான். யூத மரபே இதைப் படிப்படியாகத்தான் பார்க்கிறது. மேலுலக நீதிமன்றம் 20 வயது வரை ஒருவனைத் தண்டிப்பதில்லை என்று தல்மூத் என்ற பழைய சட்ட விளக்க நூலில் ஒரு கருத்து உண்டு. 13இல் பொறுப்பு தொடங்குகிறது, முதிர்ச்சிக்கு இன்னும் காலம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

பழமையான சபைகளில் அன்றைக்கு அப்பா எழுந்து ஒரு வரி சொல்வார்: இவனுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் வாழ்த்தப்படுவாராக. முதல்முறை கேட்பவர்களுக்குப் பிள்ளையைக் கைகழுவுவது போலத் தோன்றும். இந்த வரியின் ஆதாரம், தோராவின் முதல் நூலான ஆதியாகமத்துக்கான பழைய விளக்க நூலில் இருக்கிறது. ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளான ஏசாவும் யாக்கோபும் 13 வயது வரை ஒன்றாகப் பள்ளிக்குப் போனார்கள், அதன்பின் ஒருவன் கல்விக்கூடத்துக்கும் மற்றவன் சிலை வழிபாட்டுக்கும் போனான் என்று அந்த நூல் சொல்கிறது. மகன் 13 ஆகும்வரை அப்பா அவனுக்காகப் பாடுபட வேண்டும், அதன்பின் இந்த வரியைச் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு ரபி கூறுகிறார். ஒரே வீட்டில், ஒரே வளர்ப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகப் போகலாம் என்பதை அந்த அப்பா சபை முன் ஒப்புக்கொள்கிறார். பெற்றோராக இருக்கும் யாருக்கும் இது லேசான வரி இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது எப்பலேர்ந்து இருக்கு?

பெண்ணுக்கு 12 வயதில் கடமைகள் தொடங்கும் என்பது பழைய சட்டம். விழாதான் இல்லாமல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் சில சபைகள் சிறுமிகளுக்கு நிகழ்ச்சி நடத்தின. பாக்தாத்தில் வாழ்ந்த ரபி யோசெஃப் ஹயீம் பெண் பிள்ளை அந்த நாளில் புத்தாடை உடுத்தி, இந்த வேளைக்கு எங்களைக் கொண்டுவந்தாயே என்ற நன்றி ஆசியைச் சொல்லட்டும் என்று எழுதினார்.

அமெரிக்காவில் பெயர் பெற்றது 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் நடந்த விழா. நான்கு பெண்களைப் பெற்ற ரபி மார்டக்காய் கப்ளான், தன் மூத்த மகள் ஜூடித்தைச் சபை முன் வாசிக்க வைத்தார். அவளுக்கு அப்போது பன்னிரண்டரை வயது. சுருளிலிருந்து அவள் வாசிக்கவில்லை. மேடைக்குக் கீழே, சற்றுத் தள்ளி நின்று, அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தாள். இன்றைய பெண்கள் மேடையில் சுருள் முன்னால் நிற்பதைப் பார்க்கும்போது அந்த சில அடி தூரத்தைக் கடக்க எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றும். ஜூடித் பிற்காலத்தில் இசை அறிஞராகி, 1992இல், 82 வயதில், இரண்டாம் முறையாக பாட் மிட்ஸ்வா கொண்டாடினார்.

எல்லா இடத்திலும் கதவு திறந்துவிடவில்லை. பழைய சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பத்துப் பேர் கணக்கில் இன்றும் ஆண்கள் மட்டுமே. அங்கே பெண் பிள்ளைக்கு விழா என்றால் உரை, விருந்து, பெண்கள் மட்டும் கூடும் வாசிப்பு என்று ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். யூதர்களின் புனித இடமான எருசலேமின் மேற்குச் சுவரில் பையன்களுக்குத் திங்கள், வியாழன் காலைகளில் பார் மிட்ஸ்வா நிறைய நடக்கும். தோரா வாசிக்கும் நாட்கள் அவை, ஓய்வுநாள் இல்லாததால் படமும் எடுக்கலாம். அம்மாக்களும் பாட்டிகளும் ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி மேல் ஏறி நின்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த நிலை மாற வேண்டும் என்று 1988 முதல் அங்கே பெண்கள் போராடி வருகிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

ஒருத்திக்கு 12ல நடந்துச்சு, இன்னொருத்திக்கு 13ல. எது சரி?

இரண்டும் சரி. ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் 12 என்ற பழைய கணக்கில் நிற்கும். பழைய சட்டத்தைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்ட ரிஃபார்ம் சபைகளும், இரண்டுக்கும் நடுவே நிற்கும் கன்சர்வேடிவ் சபைகளில் பலவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் 13 என்று வைத்துக்கொள்கின்றன.

பிறந்தநாள் ஒரு தேதி, விழா வேற தேதி. ஏன்?

வயது எபிரேய நாட்காட்டிப்படி கணக்கிடப்படும். அது சந்திர மாதக் கணக்கு. பருவங்களோடு ஒத்துப்போக 19 வருடத்தில் ஏழு முறை கூடுதல் மாதம் ஒன்றைச் சேர்ப்பார்கள். நட்சத்திரப் பிறந்தநாளும் ஆங்கிலத் தேதியும் வருடா வருடம் விலகி வருவது நமக்குப் பழக்கம்தானே. இதோடு மண்டபம், பாட்டி வரும் விமானம், ஜெப ஆலயத்தில் காலியான சனிக்கிழமை என்று எல்லாம் சேர்ந்து தேதி தள்ளிப்போகும். பொதுவாக முன்னால் மட்டும் வைக்க மாட்டார்கள்.

கூடுதல் மாதத்தால் ஒரு விசித்திரம் உண்டு, பழைய ரபிகளே பேசியது. கூடுதல் மாதம் வரும் வருடத்தில் முதல் ஆதார், இரண்டாம் ஆதார் என்று இரண்டு மாதங்கள் இருக்கும். இரட்டைக் குழந்தைகளில் மூத்தவன் முதல் ஆதாரின் கடைசி நாளிலும் இளையவன் சூரியன் மறைந்தபின் இரண்டாம் ஆதாரின் முதல் நாளிலும் பிறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 13ஆம் வருடத்தில் ஒரே ஆதார்தான் இருந்தால் இளையவனுக்கு மாதத் தொடக்கத்திலேயே வயது நிறைந்துவிடும். மூத்தவன் மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். தம்பி பத்துப் பேரில் ஒருவன், அண்ணன் இன்னும் சிறுவன்!

பார்ட்டி கல்யாண ரிசப்ஷனையே மிஞ்சுதே. அதுவும் மதத்துல இருக்கா?

நல்ல காரியத்தையொட்டி விருந்து வைப்பது மரபில் உண்டு. டிஜே, போட்டோ பூத், 13 மெழுகுவத்தி ஏற்றுவது, நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி ஆடுவது எல்லாம் பழக்கத்தில் வந்தவை. ஆடம்பரத்தைப் பற்றிய முணுமுணுப்பு விருந்தளவுக்கே பழையது. போலந்தின் கிராக்கோவ் யூத சமூகம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த விருந்துகளுக்கு வரி போட்டுக் கட்டுப்படுத்தப் பார்த்தது. 20ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் வாழ்ந்த பெரும் சட்ட அறிஞர் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், தனக்கு அதிகாரம் இருந்தால் அமெரிக்காவில் நடக்கும் பார் மிட்ஸ்வா விழாவையே ஒழித்துவிடுவேன் என்ற பொருளில் எழுதினார். அதனால் யாரும் தோராவுக்கு நெருக்கமாகவில்லை என்பது அவர் வருத்தம்.

விருந்துச் செலவில் ஒரு பகுதியைப் பசித்தவர்களுக்குக் கொடுப்பதும் இதற்கு ஒரு பதில். 1985இல் தொடங்கிய மஸோன் என்ற யூத அமைப்பு விழாச் செலவில் 3 சதவீதத்தைக் கேட்டு வாங்கியது. பல சபைகளில் பிள்ளை மாதக்கணக்கில் ஏதாவது ஒரு சேவை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அழைப்பிதழில் அதைப் பற்றி எழுதியிருந்தால் பார்ட்டி விவரத்துக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

என்ன டிரெஸ், என்ன கிஃப்ட், நமக்குச் சாப்பிட ஏதாவது இருக்குமா?

தோளும் முட்டியும் மறையும் உடை போதும். புடவை, சல்வார் தாராளமாகக் கட்டிப் போகலாம். ஆண்கள் தலையில் வைக்கக் கிப்பா என்ற குல்லா வாசலிலேயே இருக்கும், யூதரல்லாதவரும் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. தாலித் என்ற பிரார்த்தனைச் சால்வையை மட்டும் எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் சபையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்கார்வார்கள். சனிக்கிழமை என்றால் போனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

பணம் கொடுப்பதாக இருந்தால் 18, 36, 54 என்று 18இன் மடங்கில் கொடுப்பார்கள். உயிர் என்ற சொல்லின் எழுத்துகளுக்கு எபிரேயத்தில் 18 மதிப்பு. ஓய்வுநாளில் பணத்தைத் தொடாத குடும்பங்கள் நிறைய இருப்பதால் உறையை ஜெப ஆலயத்துக்குக் கொண்டுபோகாமல் பார்ட்டியிலோ முன்கூட்டியோ கொடுங்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேராது. அதனால் பால் விருந்து என்று சொன்னால் இறைச்சி இருக்காது, ஆனால் மீன் இருக்கும். அவர்கள் கணக்கில் மீன் இறைச்சி இல்லை. இறைச்சி விருந்து என்றால் தயிர், நெய், வெண்ணெய் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சைவம், மீனும் முட்டையும் வேண்டாம் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

நாங்க இந்துக்கள். பிரார்த்தனையில உட்காரலாமா? மதம் மாத்தப் பார்ப்பாங்களா?

உட்காரலாம். எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும், எதையும் சொல்ல வேண்டியதில்லை. பேழை திறந்திருக்கும்போது நின்றிருங்கள். பிரார்த்தனைப் புத்தகத்தைத் தரையில் வைக்காதீர்கள். மதம் மாற்றும் முயற்சி எதுவும் நடக்காது. தானே வந்து கேட்பவரைக்கூட முதலில் யோசிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும் மரபு அது.

அப்பா மட்டும் யூதர், அம்மா இல்லை. அந்தப் பிள்ளைக்கு உண்டா?

எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் சபைகளில் தாய் வழியாகத்தான் யூதப் பிறப்பு. தாய் யூதர் இல்லை என்றால் பிள்ளை முதலில் முறைப்படி மதம் ஏற்க வேண்டும். அமெரிக்க ரிஃபார்ம் ரபிகள் 1983இல் எடுத்த முடிவுப்படி, பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்து பிள்ளையும் யூத வாழ்க்கையில் வளர்ந்தால் போதும். யூத வழியில் வளர்ந்ததைக் காட்டும் செயல்களில் பார் மிட்ஸ்வாவையும் அந்த முடிவு குறிப்பிடுகிறது. தமிழ் அம்மா, யூத அப்பா என்று இருக்கும் வீடுகளுக்கு இது வெறும் தகவல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

கடவுளே இல்லைங்கிற யூதர்களும் இதைச் செய்றாங்களே, எப்படி?

பலருக்கு இது நம்பிக்கையைவிட வம்சத் தொடர்ச்சி. இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுப் பண்ணைகள் சிலவற்றில் மதச் சடங்கை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு 13 பணிகள் கொடுத்து அதை பார் மிட்ஸ்வா ஆண்டாக வைத்தார்கள். சோவியத் ஆட்சியில் யூதப் பிள்ளைகள் வெளிப்படையாக இதைச் செய்ய முடியாத 1970கள், 80களில், அமெரிக்கப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சோவியத் பிள்ளையின் பெயரைச் சேர்த்து இருவருக்குமாக விழா கொண்டாடினார்கள்.

இந்தத் தொடர்ச்சி எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சம்பவம். 1944இல் பெர்கன்-பெல்சன் நாஜி முகாமில் சைமன் டாஸ்பர்க் என்ற டச்சு ரபி, யோவாகிம் யோசஃப் என்ற சிறுவனுக்கு ரகசியமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, விடிவதற்கு முன் முகாம் கொட்டகையில் பார் மிட்ஸ்வா நடத்தினார். முகாமுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சின்னஞ்சிறு தோராச் சுருளிலிருந்து பையன் வாசித்தான். பிறகு ரபி அந்தச் சுருளை அவனிடமே கொடுத்து, பிழைத்தால் இதை எல்லோருக்கும் சொல் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். ரபி முகாமிலேயே இறந்துபோனார். பையன் பிழைத்து இஸ்ரேலில் வளிமண்டல விஞ்ஞானி ஆனார். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலத்தில் சென்ற இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் அந்தச் சுருளை எடுத்துப்போய் விண்வெளியிலிருந்து நேரலையில் காட்டினார். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு அந்தக் கலம் சிதறியது. சுருளும் போயிற்று. ஆனால் ரபியிடம் கொடுத்த வாக்கு அதற்குள் நிறைவேறிவிட்டது.

இந்தியாவுல இதெல்லாம் நடக்குதா?

மும்பை, தானே பகுதிகளில் பெனே இஸ்ரேல் என்ற யூத சமூகம் இன்னும் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விழாக்களும் நடக்கின்றன. வீட்டு விசேஷங்களை ஒட்டி அவர்கள் எலியா தீர்க்கதரிசியை நினைத்து மலிதா என்ற வழிபாடு செய்வார்கள். இனிப்பு அவலும் தேங்காயும் பழங்களும் வைத்துப் படைப்பது. கொச்சியில் 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி ஜெப ஆலயம் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். பத்துப் பேர் கணக்கைச் சொன்னேனே, அங்கே வெளியூர் யூதர்கள் வந்தால்தான் அது நிறையும்.

13ல தவற விட்டவங்க அப்புறம் பண்ணலாமா?

நிலை தானாகவே வந்துவிட்டதால் தவறியது விழா மட்டும்தான். எந்த வயதிலும் செய்யலாம். சிறுமியாக இருந்தபோது வாய்ப்பு கிடைக்காத பாட்டிகள் எபிரேயம் படித்து மேடை ஏறுவது இப்போது சாதாரணம். 83 வயதில் இரண்டாம் முறை கொண்டாடும் வழக்கமும் உண்டு. மனித ஆயுள் 70 என்று வேதத்தின் சங்கீத நூல் சொல்வதால், அதன்பின் 13 வருடம் என்ற கணக்கு. நடிகர் கிர்க் டக்ளஸ் 1999இல் அப்படிக் கொண்டாடினார்.

பையனோட ஃப்ரெண்டுக்கு ஆட்டிசம், பேச்சு வராது. அவனோட பார் மிட்ஸ்வாவுக்கு அழைப்பிதழ் வந்திருக்கு. எப்படி வாசிப்பான்?

வாசிக்காமலும் இருக்கலாம். பழைய சட்டம் விளங்கிக்கொள்ள முடியாதவர்களைக் கடமையிலிருந்து விலக்கிவைத்தது. அந்த விலக்கு பல குடும்பங்களுக்குக் கதவடைப்பாகவே பட்டது. இன்று பல சபைகள் பிள்ளைக்கு ஏற்றபடி ஆராதனையை அமைக்கின்றன. ஒரே ஒரு ஆசிச் சொல், படங்களைத் தொட்டால் குரல் தரும் கருவி, விளக்கும் சத்தமும் குறைந்த சின்ன அறை, சுருளைச் சுமந்து வரும் வேலை, இதில் எதுவும் சரிதான். இஸ்ரேலில் கன்சர்வேடிவ் யூதர்களின் மசோர்த்தி இயக்கம் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்காகவே இதைப் பல வருடங்களாக நடத்துகிறது.

நீங்கள் அவசியம் போங்கள். ஆராதனை நடுவில் அவன் எழுந்து நடந்தாலும் சத்தம் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நாமும் பார்க்க வேண்டாம். கைதட்டல் பிடிக்காத பிள்ளையா என்று மட்டும் அவன் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே அவனுக்கும் “மஸல் தோவ்” என்று வாழ்த்துச் சொல்லுங்கள்.